கேட்டதை மட்டும் எழுதுவோம்: அலுவலகப் பணிக்கு உதவும் கேட்டெழுதும் பயிற்சி



டைப்பிங்கில் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு, கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்துவிட்டு, “அடுத்து என்ன படித்தால் வேலை கிடைக்கும்?” என்று கேட்கும் பிள்ளைகள் நம் மஹல்லாவில் நிறைய இருக்கிறார்கள். திருமணமாகி, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பகலில் சில மணி நேரம் கையில் இருக்கும் சகோதரிகளும் இதையே கேட்கிறார்கள். அவர்களுக்காக, அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே பழகக்கூடிய ஒரு திறமையை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவதுதான் அது. ஆங்கிலத்தில் டிரான்ஸ்கிரிப்ஷன் என்பார்கள். நாம் இங்கே ‘கேட்டெழுதுதல்’ என்றே சொல்வோம்.

எங்கெல்லாம் தேவைப்படுகிறது?

முன்பெல்லாம் அதிகாரி சொல்லச் சொல்ல ஸ்டெனோகிராபர் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்வார். இன்று பல இடங்களில் அந்த இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டது. நிர்வாகக் குழுக் கூட்டம் போனில் பதிவாகிறது. அதிலிருந்து மினிட்ஸ் எழுத வேண்டும். வக்கீல் காரில் போகும்போதே மனுவின் வாசகத்தைப் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மருத்துவர் நோயாளியின் டிஸ்சார்ஜ் விவரத்தைச் சொல்லிப் பதிவு செய்கிறார். கடைக்கும் கம்பெனிக்கும் ஆர்டர்கள் வாய்ஸ் மெசேஜாக வருகின்றன. பத்திரிகையாளர்களும் ஆய்வு மாணவர்களும் எடுக்கும் பேட்டிகளும் எழுத்துக்கு வந்தாக வேண்டும்.

இதற்கென்று தனியாக ஓர் ஆளை எல்லா அலுவலகங்களும் வைப்பதில்லை. ஆனால் அலுவலக உதவியாளராகச் சேரும் ஒருவரிடம், “இந்த ஆடியோவைக் கேட்டு எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லும் நாள் கட்டாயம் வரும். அன்று அதைச் சரியாகச் செய்து கொடுப்பவருக்கு அந்த அலுவலகத்தில் மதிப்பு கூடும்.

டைப்பிங் வேகம் மட்டும் போதாது

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்பது கணக்கு. ஆங்கிலத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினாலே நிமிடத்துக்கு 100 சொற்களைத் தாண்டிவிடும். ஆகவே பேச்சோடு ஓடிப் பிடித்து டைப் செய்ய முடியாது, முயலவும் வேண்டாம். ஒரு வாக்கியத்தைக் கேட்டு நிறுத்தி, மனத்தில் பிடித்து, எழுதி, பிறகு அடுத்ததைக் கேட்பதே முறை. ஒரு மணி நேரப் பதிவை எழுத நான்கு மணி நேரம் ஆகும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. புதிதாகப் பழகுபவருக்கு அதைவிட அதிகமாகும். பலர் குறுக்கே பேசும் கூட்டம் என்றால் இன்னும் கூடும். வேலையை ஒப்புக்கொள்ளும்போது இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே நேரம் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு பதிவையும் மூன்று முறை கடக்க வேண்டும். முதல் முறை எழுதாமல் கேட்பது: யார் யார் பேசுகிறார்கள், எதைப் பற்றி, எந்த இடத்தில் சத்தம் தெளிவில்லை என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை எழுதுவது. மூன்றாம் முறை எழுதியதைக் கண்ணால் படித்துக்கொண்டே காதால் கேட்டுச் சரிபார்ப்பது. அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்த மூன்றாம் முறையைத்தான். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும்.

காது ஏமாறும் இடங்கள்

முதலாவது, தொகை. ‘எண்பது’க்கும் ‘எண்ணூறு’க்கும், ‘தொண்ணூறு’க்கும் ‘தொள்ளாயிரத்து’க்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம். போன் இரைச்சலில் ‘அறுவது’ம் ‘எழுவது’ம் ஒன்றுபோலக் கேட்கும். ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ குழப்பம் எல்லாருக்கும் தெரிந்தது. ‘ரெண்டேகால் லட்சம்’ என்றால் 2,25,000. ‘ஒண்ணேமுக்கால் லட்சம்’ என்றால் 1,75,000. இவற்றை எழுதியவுடன் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓடவிட்டுக் கேட்பது நல்லது.

இரண்டாவது, ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள். பேச்சில் ‘ர’வும் ‘ற’வும் நம்மில் பலருக்கு ஒன்றுதான். “அந்தக் கட்டடத்துல அறை வாடகை வந்துருச்சு” என்று ஒருவர் சொல்கிறார். அது ‘அறை வாடகை’யா, ‘அரை வாடகை’யா? முன்னதில் அறைக்கான வாடகை வந்துவிட்டது. பின்னதில் பாதி வாடகை இன்னும் பாக்கி. காது இதைத் தீர்த்துவைக்காது. முன்னும் பின்னும் என்ன பேசினார்கள் என்று பார்க்க வேண்டும். அதிலும் தெரியவில்லை என்றால் குறி போட்டுக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, தேதி. “நாளைக்கு”, “வர்ற வெள்ளி”, “நாளன்னைக்கு” என்பவை எல்லாம் பேசிய நாளிலிருந்து எண்ணப்படுபவை. நாம் எழுதுவது மூன்று நாள் கழித்து இருக்கலாம். எனவே தாளின் தலைப்பிலேயே பதிவு எடுக்கப்பட்ட தேதியை எழுதிவிட வேண்டும். நம் ஜமாஅத் கூட்டங்களில் “ரமலான் பிறை 20-க்குள்” என்பது போலவும் பேசுவார்கள். அதைச் சொன்னபடியே எழுதுங்கள். நாமாகக் காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதியாக மாற்றினால், பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகிவிடலாம்.

நான்காவது, பெயர்கள். இதில் நம் சமுதாயம் பட்டுவரும் சிரமம் கொஞ்சமல்ல. முகமது, முகம்மது, முஹம்மது, பாத்திமா, ஃபாத்திமா, சாகுல் ஹமீது, ஷாஹுல் ஹமீத் என்று ஒரே பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும், மதிப்பெண் பட்டியலில் ஒரு விதமாகவும், குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கோ உதவித்தொகைக்கோ போகும்போது ஓர் எழுத்துக்காக அலைய வேண்டியிருக்கிறது. பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியதால் வந்த வினையே இதில் பெரும்பகுதி. ஆகவே, வேலையைத் தொடங்கும் முன் பேசுபவர்கள், பேச்சில் வரக்கூடியவர்கள் ஆகியோரின் பெயர்ப் பட்டியலை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இனிஷியலும் அப்படியே. போனில் ‘எம்’முக்கும் ‘என்’னுக்கும், ‘பி’க்கும் ‘டி’க்கும் வேறுபாடு தெரியாது.

மூன்று வகை எழுத்து

“எப்படி எழுத வேண்டும்?” என்று தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அலுவலகங்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று வகை. ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒரு கூட்டத்தில் இப்படிப் பேசப்பட்டதாக வைத்துக்கொள்வோம்:

“அது வந்து... போன மாசம் மருத்துவ உதவின்னு பாத்தா, மூணு பேருக்கு எண்ணூறு... இல்ல இல்ல, எட்டாயிரம் ரூபா குடுத்திருக்கோம். ரசீது ரெண்டுதான் வந்திருக்கு. இன்னொண்ணு வர்ற வெள்ளிக்குள்ள வாங்கிடணும். செயலாளர் பாத்துக்குவாரு.”

முதல் வகை, சொல்லுக்குச் சொல். மேலே உள்ளது போலவே தயக்கம், திருத்தம், பேச்சு வழக்கு எல்லாம் இருக்கும். விசாரணை வாக்குமூலம், ஆய்வுப் பேட்டி போன்றவற்றுக்கு இது தேவை.

இரண்டாம் வகை, சீராக்கிய எழுத்து. “போன மாதம் மருத்துவ உதவி என்று பார்த்தால், மூன்று பேருக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறோம். ரசீது இரண்டுதான் வந்திருக்கிறது. இன்னொன்றை வருகிற வெள்ளிக்குள் வாங்கிவிட வேண்டும். செயலாளர் பார்த்துக்கொள்வார்.” தயக்கமும், பேசியவரே திருத்திக்கொண்ட தவறும் நீங்கின. கருத்து மாறவில்லை, வரிசையும் மாறவில்லை.

மூன்றாம் வகை, மினிட்ஸ். “சென்ற மாதம் மூவருக்கு மருத்துவ உதவியாக ரூ. 8,000 வழங்கப்பட்டது. இரண்டு ரசீதுகள் பெறப்பட்டுள்ளன. மீதமுள்ள ஒரு ரசீதை வரும் வெள்ளிக்கிழமைக்குள் பெறும் பொறுப்பு செயலாளருக்கு.” வெள்ளிக்கிழமைக்குப் பக்கத்தில் அந்தத் தேதியையும் போட வேண்டும்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். மூவருக்கும் சேர்த்து 8,000 ரூபாயா, ஆளுக்கு 8,000 ரூபாயா? பேச்சில் அது இல்லை. எழுதுபவர் தெளிவாக இருக்கட்டும் என்று நினைத்து ‘மொத்தம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் கணக்கு 8,000. ‘தலா’ என்று சேர்த்தால் 24,000. இடையில் 16,000 ரூபாய். வருடக் கடைசியில் தணிக்கை பார்ப்பவர் இந்தத் தாளைத்தான் எடுப்பார். சம்பளம் வாங்காமல் பொதுப்பணி செய்யும் ஒரு பொருளாளர், தான் சொல்லாத ஒரு சொல்லுக்காக ஜமாஅத்தின் முன் பதில் சொல்ல வேண்டி வரும். நல்ல எண்ணத்தில் சேர்த்த ஒரு சொல் ஒருவருடைய நாணயத்தின் மீது கேள்வி எழுப்பிவிடும். ஆகவே சேர்க்காமல் எழுதிவிட்டு, ஓரத்தில் “மொத்தமா, தலாவா? பொருளாளரிடம் கேட்கவும்” என்று குறிப்பு வையுங்கள்.

இந்தப் பாடம் முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்றால், இதைத்தான் சொல்வோம்: காதில் விழாததை எழுதக் கூடாது. விளங்காத இடத்தில் [தெளிவில்லை 12:45] என்று நிமிடம், நொடியோடு குறியுங்கள். ஐயம் உள்ள சொல்லுக்குப் பக்கத்தில் [?] போடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் [இருவர் பேசுகிறார்கள்] என்று எழுதுங்கள். நான்கு இடத்தில் குறி இருக்கும் தாள், எல்லாவற்றையும் ஊகித்து நிரப்பிய அழகான தாளைவிட நம்பத்தக்கது. குறி போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னென்ன வேண்டும்?

ஒரு கணினி, காதை முழுதாக மூடும் ஒரு ஹெட்ஃபோன், அமைதியான ஓர் இடம். சில நூறு ரூபாய் ஹெட்ஃபோனே தொடக்கத்துக்குப் போதும். போனிலேயே இதைப் பழக முயன்றால் நிறுத்துவதிலும் ஓடவிடுவதிலும் நேரம் போய்விடும்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ‘ஓடிரான்ஸ்கிரைப்’ என்ற இலவசப் பக்கத்தில் மேலே ஒலி ஓடும், கீழே எழுதலாம். ‘எஸ்கேப்’ சாவியை அழுத்தினால் ஒலி நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். ‘எஃப்1’ சற்றுப் பின்னே கொண்டுபோகும். ‘எஃப்3’ வேகத்தைக் குறைக்கும். ‘கன்ட்ரோல்’ சாவியுடன் ‘ஜே’ அழுத்தினால் அந்த இடத்தின் நேரம் எழுத்தில் பதியும். இதில் ஒலிக்கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. எழுதியது பிரவுசருக்குள்தான் இருக்கும் என்பதால், அவ்வப்போது வேர்டு கோப்பில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். நெட் இல்லாத வீட்டில் ‘விஎல்சி பிளேயர்’ போதும். அதிலும் வேகத்தைக் குறைக்கலாம்.

தமிழில் எழுத ‘தமிழ் 99’ விசைப்பலகையைப் பழகுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு அங்கீகரித்த முறை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் இருப்பதால் கை சீக்கிரம் பழகிவிடும். ஸ, ஷ, ஜ, ஹ ஆகியவை மேல் வரிசையின் இடப்பக்கத்தில் ‘ஷிஃப்ட்’ சாவியுடன் கிடைக்கும். நம் பெயர்களுக்கு இவை அடிக்கடி தேவைப்படும். யூனிகோடில்தான் எழுத வேண்டும். 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத் தெரியும்.

மெஷின் எழுதிவிடாதா?

இந்தக் கேள்வி நியாயமானது. கூகுள் டாக்ஸில் தமிழில் பேசினால் எழுத்தாகிறது. ஆங்கிலப் பதிவுகளை எழுத்தாக்கும் மென்பொருள்கள் இன்னும் நன்றாகச் செய்கின்றன. மருத்துவத் துறையில் முழுக்க முழுக்கக் கையால் எழுதிவந்த வேலையில் ஒரு பகுதி, மெஷின் எழுதியதைத் திருத்தும் வேலையாக மாறிவிட்டது. எனவே வெறும் டைப்பிங்கை மட்டும் நம்பி இதில் இறங்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறோம். அலுவலக வேலைக்கான பல திறமைகளில் ஒன்றாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே நேரம், நம் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலமும் இருக்கிறது. பேச்சுத் தமிழும் ஆங்கிலமும் அரபு, உருதுச் சொற்களும் கலந்து வரும்போது மெஷின் தடுமாறுகிறது. வக்ஃப், முத்தவல்லி, பைத்துல்மால், மஹர் போன்ற சொற்களும் நம் பெயர்களும் எப்படி எப்படியோ மாறி வருகின்றன. வீட்டிலேயே இந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண் ஒரே பார்வையில் அவற்றைத் திருத்திவிடுவாள். மெஷின் எழுதியதை வாங்கித் திருத்துவதும் கேட்டெழுதும் பயிற்சி இருந்தால்தான் முடியும். காது பழகாதவருக்கு அந்தத் தவறுகள் கண்ணில் படாது.

இது அமானத்

கேட்டெழுதுபவரின் காதுக்கு ஊரார் அறியாத பல விஷயங்கள் வரும். ஒருவருடைய நோய், ஒரு குடும்பத்தின் கடன், ஒரு தலாக் பேச்சு, உதவி கேட்டு வந்தவரின் கண்ணீர். இவை எல்லாம் அமானிதம். வீட்டில் ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கேட்காதீர்கள். குடும்பத்தாரிடமும் பேசாதீர்கள். தெரியாத இணையதளங்களில் அந்தப் பதிவை ஏற்றாதீர்கள். வேலை முடிந்து ஒப்படைத்ததும், அலுவலகத்திடம் கேட்டுக்கொண்டு கோப்பை அழித்துவிடுங்கள். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிறுவனங்களும் இதில் கண்டிப்பு காட்டத் தொடங்கியிருக்கின்றன.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் சூரா அல்பகராவின் 282-ஆம் வசனத்தில், வாசகத்தைச் சொல்பவரும் இருக்கிறார். அதைக் கேட்டு எழுதுபவரும் இருக்கிறார். எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும் என்பது அதில் நிபந்தனை. இந்த வேலையின் கண்ணியத்தைப் புரிந்துகொள்ள அது போதும்.

எட்டு வாரப் பயிற்சி

தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் கீழ்க்கண்டபடி பழகலாம்.

1, 2-ஆம் வாரங்கள்: வானொலித் தமிழ்ச் செய்தியை இரண்டு நிமிடம் பதிவு செய்து எழுதுங்கள். செய்தி வாசிப்பவரின் உச்சரிப்பு தெளிவாக இருக்கும். எழுத்துத் தமிழிலேயே இருக்கும்.

3, 4-ஆம் வாரங்கள்: ஐந்து நிமிட உரை. ஆலிமிடம் அனுமதி பெற்று ஜும்ஆ பயானைப் பதிவு செய்து எழுதலாம். எழுதியதை அவரிடமே காட்டித் திருத்தம் கேட்கலாம்.

5, 6-ஆம் வாரங்கள்: இரண்டு பேர் பேசும் பேட்டி. யார் பேசுவது என்று ஒவ்வொரு பத்தியிலும் குறிக்க வேண்டும். ஒரே பகுதியைச் சொல்லுக்குச் சொல்லாகவும் சீராக்கியும் இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள்.

7, 8-ஆம் வாரங்கள்: நான்கைந்து பேர் பேசும் கூட்டம். அதிலிருந்து ஒரு பக்கத்துக்குள் மினிட்ஸ் எழுதுங்கள். என்ன முடிவானது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு முறை, எழுதிய பக்கத்தை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து ஒலியோடு சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை தவறு என்று நோட்டில் குறித்து வாருங்கள். அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் பயிற்சி சரியாகப் போகிறது என்று பொருள். வேகம் தானாக வரும். டைப்பிங் இன்னும் முடிக்காதவர்கள் அதை முதலில் முடியுங்கள். குரூப் 4 தேர்வு வழியாக அரசு டைப்பிஸ்ட் பணிக்குப் போகவும் அது கைகொடுக்கும்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

“வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்” என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். வேலை கொடுப்பவர் நமக்குச் சம்பளம் தர வேண்டுமே தவிர, நம்மிடம் பணம் கேட்கக் கூடாது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு “தவறு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்டஈடு கட்டுங்கள், வக்கீல் நோட்டீஸ் வரும்” என்று மிரட்டுகிறார்கள். இப்படி மிரட்டப்பட்ட பெண்கள் பயந்து வீட்டில் சொல்லாமல் பணம் கட்டிவிடுவது உண்டு. பிள்ளைகளைத் திட்டாமல் கேளுங்கள். திட்டுக்குப் பயந்தே பலர் மறைக்கிறார்கள். ஒரு பைசாவும் கட்டாமல், வந்த செய்திகளைப் பத்திரப்படுத்தி, சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் செய்யுங்கள்.

பெரிய கட்டணம் கேட்டு, “படித்து முடித்ததும் வேலை உறுதி” என்று சொல்லும் வகுப்புகளிலும் இதே நிதானம் வேண்டும். இந்தப் பாடத்தில் சொன்னவற்றை இரண்டு மாதம் வீட்டில் பழகிப் பார்த்த பிறகு, மேலே படிக்கத் தேவை இருக்கிறதா என்று முடிவு செய்யலாம்.

பழகியவர்கள் முதல் அனுபவத்தைத் தெரிந்த இடத்திலேயே தேடுங்கள். நம் ஜமாஅத்தின் கூட்டத்துக்கு, பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு, தெரிந்த வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு முறை எழுதிக் கொடுங்கள். அங்கே கிடைக்கும் நல்ல பெயர் அடுத்த இடத்துக்கு வழி காட்டும், இன்ஷா அல்லாஹ்.